ஆறாத துணியை வெட்டாதீர்கள்

"டென்ஷனைப் பத்தி எதாச்சும் எழுதிக் குடுங்கக்கா, புதுசா வந்திருக்கற பிள்ளைகளுக்குப் படிக்கக் குடுக்கறோம்" என்று நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியிலிருந்து போன் வந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. வேலையை விட்டு நின்று இன்னும் ஒரு மழைக்காலம்கூட முழுசாகக் கடக்கவில்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் எந்தத் தையல் லைனில் மெஷின் கத்துகிறது என்று காது இன்றைக்கும் தேடுகிறது. அப்படிப்பட்டவளிடம் போய் டென்ஷன் போக வழி கேட்கிறார்கள். வேறு யாரிடம்தான் கேட்பார்கள், பாவம்.

கண்ணுகளா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பெரிய படிப்பும் இல்லை. பிசிறு வெட்டுகிற வேலையில் சேர்ந்து, செக்கிங்குக்குப் போய், தட்டுத் தடுமாறி புரொடக்சன் மேனேஜர் என்கிற நாற்காலி வரைக்கும் வந்தவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கூட வேலை செய்தவர்கள் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கி வைத்துக்கொண்டதுதான். சிலர் செல்லாக் காசு சேர்ப்பார்கள், நான் ஆட்கள் சொன்ன பேச்சுகளைச் சேர்த்தேன்.

ஒரு தடவை கம்பெனியில் யோகா வகுப்பு வைத்தார்கள். வந்தவர் நல்ல மனிதர். எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் ஹாலே அமைதியாகிவிட்டது. அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகுதான் தெரிந்தது, பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அயனிங் செய்கிற அண்ணன் ஒருவர் குறட்டையே விட்டார். எழுப்பியதும் அவர் சொன்னது: "கண்ண மூடச் சொன்னாத் தூக்கம் வருதுங்க. ஊட்ல போயித் தூங்கலாம்னா கண்ணு மூட மாட்டேங்குதுங்க." எங்கள் ஊர் நோய் முழுவதும் இந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது.

நான் சொல்லப்போவது கட்டிங் மாஸ்டர் செல்வராசுவைப் பற்றி. சொல்லலாமா என்று அவரையே கேட்டேன். "தாராளமா எழுதுங்கக்கா, பேரை மட்டும் மாத்திக்குங்க" என்றார். மாற்றிவிட்டேன்.

செல்வராசு முருங்கைக்காய் விளைகிற மூலனூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் கம்பெனி திருப்பூர்-தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையத்துக்குப் பக்கம். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே கோடு போட்டு, மெஷின் கத்தியை அந்தக் கோட்டின் மேலே ஓட்டுவார். வெண்ணெயில் விரல் ஓடுகிற மாதிரி ஓடும். அந்த ஆள் கொஞ்ச நாளாகவே மத்தியானச் சோற்றுக்கு வருவதில்லை. டீயாகக் குடித்துக்கொண்டிருந்தார். யார் என்ன கேட்டாலும் "ஆயிருமுங்க" என்பார்.

இந்த வார்த்தையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். திருப்பூரில் எல்லோருக்கும் பிடித்த வார்த்தை இது. துணி வந்துருமா? ஆயிருமுங்க. தைச்சு முடிஞ்சிருமா? ஆயிருமுங்க. நடக்கும் என்று தெரிந்து சொல்கிறவர்களும் உண்டு. நடக்காது என்று தெரிந்தே, எதிரே நிற்பவர் அப்போதைக்கு நகர்ந்தால் போதும் என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். ஒருவர் எடுத்ததற்கெல்லாம் "ஆயிருமுங்க" என்று சொல்ல ஆரம்பித்தால், அவர் பயந்துபோயிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அன்றைக்குக் காலை டீ நேரம். செல்வராசு கையில் கிளாஸ் கடகடவென்று ஆடியது. செக்கிங்கில் இருக்கிற சகாயமேரிக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னங்க மாஸ்டர், கிளாசுக்குள்ள மீன் புடிக்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். டீ அப்படியே இருந்தது. நான் பின்னாலேயே போனேன். துணி ரேக்குகளுக்குப் பின்னால் நின்று, வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

"இன்னும் நீங்க எதுவுமே சொல்லலீங்களே."

"நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க. உள்ளங்கை வேர்த்து ஊத்துது. ஹார்ட்டுதானோன்னு பயந்துபோயி பெரிய ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. வெசனத்தை, கவலையைக் கொறைங்கன்றாங்க. அது என்ன சக்கரைங்களா, ஒரு ஸ்பூன் கொறைச்சுப் போட?"

"ஊட்ல தெரியுமுங்களா?"

"சொல்லலீங்க. பொண்ணு காலேஜ் போயிட்டிருக்குது. கை நடுங்கற மாஸ்டருக்கு எவனுங்க கட்டிங் டேபிள் குடுப்பான்? தெரிஞ்சா அன்னைக்கே வேலைய விட்டுத் தாட்டி உட்ருவாங்க. ஊருக்குப் போயி முருங்கக்காய்தான் பறிக்கோணும்."

அதுதான் விஷயம். அவருக்கு அந்த டேபிள் போனால் எல்லாமே போன மாதிரி. அது போய்விடுமோ என்ற பயத்தில் கை நடுங்கியது. கை நடுங்க நடுங்கப் பயம் கூடியது. கத்தி ஓடுகிற மெஷின் அது. இரும்பு வலைக் கையுறை போட்டிருந்தாலும் கை கையாக இருந்தால்தான் கோடு கோடாக வரும்.

நாங்கள் பேசி முடிக்கவில்லை, வாசலில் டெம்போ வந்து நின்றது. அரக்குக் கலர் துணி. கலர் சரியில்லை என்று சாயப்பட்டறைக்கே திருப்பி அனுப்பி, மறுபடியும் சாயம் ஏற்றி, வர வேண்டிய நாளெல்லாம் தாண்டி அன்றைக்குத்தான் வந்தது. மறுநாள் சாயங்காலம் கண்டெய்னர். அதே ஆர்டரில் நீலக் கலர் எப்போதோ தைத்து முடிந்து பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தது. அரக்கு மட்டும்தான் பாக்கி.

முதலாளியின் மகனை நாங்கள் சின்னவர் என்போம். படித்த பிள்ளை, மரியாதை தெரிந்த பிள்ளை. போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தார்.

"அக்கா, அரக்கு வந்துருச்சுங்க. உடனே டேபிள்ல ஏத்தீருங்க. மாஸ்டர், இன்னைக்குள்ள வெட்டீரலாமுங்களா?"

"ஆயிருமுங்க" என்றார் செல்வராசு.

புதிதாக வந்தவர்களுக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பட்டறையிலிருந்து வருகிற பனியன் துணி இழுபட்டு, உருளையாகச் சுற்றப்பட்டு விறைப்பாக வரும். பிரித்து, உதறி, தளர்வாகப் போட்டு வைத்தால், இழுபட்டதெல்லாம் தானாகத் தளர்ந்து தன் சொந்த அளவுக்கு வந்து சேரும். அதற்குக் கம்பெனியில் 'ரிலாக்ஸ் போடறது' என்று பெயர். ரேக்கில் 'ரிலாக்ஸ்' என்று எழுதிய அட்டையைத் தொங்கவிடுவோம். அட்டை தொங்கினால் அந்தத் துணியைத் தொடக் கூடாது. பழைய ஆட்கள் இதையே 'துணி ஆறட்டும்' என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. துணியும் ஆறுகிறது.

ஆறாத துணியை வெட்டினால் வெட்டும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அளவு டேப்பும் சரியென்றுதான் காட்டும். ஒரு தண்ணீர் பார்த்த பிறகுதான் சட்டை தன் குணத்தைக் காட்டும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படி வெட்டச் சொன்னார்கள், வெட்டினார்கள். தொப்புள் தெரிகிற சட்டையாகிவிட்டது. பிறகு ஒரு நாள் காதர்பேட்டையில் நடைபாதைக் குவியலில் அதே சட்டையைப் பார்த்தேன். ஒரு அம்மா தன் பையன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன இது, ஆளுக்கு முன்னாடி சட்டை நின்னுருச்சு" என்று தூக்கிப் போட்டார்.

இதெல்லாம் செல்வராசுவுக்குத் தெரியாததா? என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் "ஆயிருமுங்க" என்று சொல்லிவிட்டு மெஷினைக் கையில் எடுத்தார். மேலே தொங்கிய கரண்ட் வயர் லேசாக ஆடியது. காற்று இல்லை. அவர் கை ஆடியதில்தான் வயர் ஆடியது.

எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது, கண்ணுகளா. மேனேஜர் நாற்காலியில் இருப்பவர்களுக்கு அடிக்காது என்று நினைக்காதீர்கள். வெட்டச் சொன்னால் துணி போகும், ஒருவேளை அவர் கையும் போகும். நிறுத்தினால் கண்டெய்னர் போகும். சின்னவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டேன். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். இது அந்தக் குறட்டை அண்ணனிடம் கற்றது. ஆவி கக்கும் அயன்பாக்ஸோடு வருசக்கணக்காக நின்றவர் அவர். "உள்ள கெடக்கறதை மொதல்ல வெளிய உடுங்கக்கா. புதுசு தானா உள்ள வரும்" என்பார். இரண்டு மூன்று தடவை விட்டேன். பயம் போய்விடவில்லை. ஆனால் பயத்துக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. அந்த இடைவெளியில்தான் சரியான வார்த்தை வந்து நிற்கும்.

"மாஸ்டர், மெஷினை வைங்க. துணி ஆறலீங்க" என்றேன்.

"ஆறறதுக்கெல்லாம் டைம் இல்லீங்கக்கா. அப்பா என்னைக் கொன்னே போடுவாரு" என்றார் சின்னவர்.

"இப்ப நிறுத்துனா இன்னைக்கு ஒரு நாள் திட்டுவாருங்க தம்பி. சட்டை குட்டையாப் போனா வருசம் பூராத் திட்டுவாரு. எது வசதின்னு பாத்துக்குங்க."

சகாயமேரி ஒரு தடவை சொன்னாள்: "கம்பெனில எல்லாருக்கும் மேல ஒருத்தரு இருக்காருங்க. அவருக்கும் மேல ஒரு போன் இருக்குது." அந்தப் போனைத்தான் இப்போது எடுக்க வேண்டும். சட்டையை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற பெண்ணை அழைக்கச் சொன்னேன். சின்னவர் நம்பரை அழுத்திவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். "நீங்களே பேசுங்கக்கா. எனக்கு அவங்க குரலைக் கேட்டாலே சொல்ல வந்தது மறந்துருது." பாருங்கள், செல்வராசுவுக்குக் கையில் வந்தது சின்னவருக்கு நாக்கில் வந்திருக்கிறது.

பெரிய பேச்செல்லாம் பேசவில்லை. நீலம் நாளைக்குப் போய்விடும், அரக்கு ஆறவில்லை, இன்றைக்கு வெட்டினால் துவைத்ததும் குட்டையாகும், தனியாகப் பின்னால் அனுப்புகிறோம் என்று சொன்னேன். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மேடம்..." என்றாள் அந்தப் பெண். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "எனக்கு மேல இருக்கவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

அவளுக்கும் மேலே ஒருவர். எனக்கு அந்த நிமிடம் அவள் மேல் ஒரு பரிவு வந்துவிட்டது. "நான் சொன்னதையே சொல்லுங்க கண்ணு. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்" என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்தது முதலாளி. ஸ்பீக்கரில் போட்டார் சின்னவர்.

"யாரைக் கேட்டுங்க கட்டிங்கை நிறுத்துனீங்க?"

"துணியைக் கேட்டுத்தானுங்க" என்றேன். வாய் என்னை மீறிப் போய்விட்டது.

முதலாளியும் ஒரு காலத்தில் கட்டிங் டேபிள் பிடித்தவர்தான். துணி பட்டறையிலிருந்து எப்போது வந்தது என்று மட்டும் கேட்டார். பிறகு, "என்னமோ பண்ணித் தொலைங்க" என்று வைத்துவிட்டார். எங்கள் தொழிலில் சம்மதம் பெரும்பாலும் இந்த மாதிரிதான் வரும். மாலை மரியாதையோடு வராது.

துணியைப் பிரித்து உதறி ரேக்கில் போட்டு, அட்டையைத் தொங்கவிட்டோம். இனிக் காலை வரை செல்வராசுவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கையை எங்கே வைப்பதென்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ரேக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சாப்பிட உட்கார வைத்தேன். அன்றைக்கு சகாயமேரி கொண்டு வந்தது அரிசி பருப்புச் சோறு. பாதியை அவர் தட்டில் தள்ளினாள். "தின்னுங்க மாஸ்டர். வெறும் வயித்துல டீயா ஊத்துனா கை ஆடாம காலா ஆடும்?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கிண்டல் அடித்தவளும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

சாப்பிட்டவர் பின்வாசல் பக்கம் கிடந்த பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூங்கிப் போனார். சகாயமேரி மெதுவாகப் போய், ஸ்டோரிலிருந்து இன்னொரு 'ரிலாக்ஸ்' அட்டையை எடுத்து வந்து, அந்த நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டாள்.

"மாஸ்டரு ரிலாக்ஸ்ல இருக்காருங்கோ! யாரும் எடுத்து வெட்டீராதீங்க!"

சிரிப்புச் சத்தத்தில் விழித்துக்கொண்டார். திரும்பி அட்டையைப் பார்த்தார். கோபம் வருமோ என்று பயந்தேன். சிரித்தார். வாயை வைத்துக்கொள்கிற சிரிப்பு இல்லை, தோள் குலுங்குகிற சிரிப்பு.

அன்று சாயங்காலம் அவரைக் கம்பெனி வாசலில் பஸ் ஏற விடவில்லை. அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடக்கலாம் என்று கூட்டிப் போனேன். எனக்கு மூட்டு வலி, அவருக்கு மனசு வலி, இரண்டும் மெதுவாகத்தான் நடந்தன. நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் பேச்சு சுலபமாக வரும். பயத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். டேபிள், பொண்ணு படிப்பு, ராத்திரி தூங்க விடாமல் வாட்ஸப்பில் வருகிற சின்னவர் மெசேஜ். தனித்தனியாகச் சொன்னபோது ஒவ்வொன்றும் கைக்கு அடங்குகிற மாதிரிதான் இருந்தது. மொத்தமாக மூட்டை கட்டி நெஞ்சில் வைத்ததால்தான் மூச்சு முட்டியிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி போனைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுங்கள் என்றேன். "ஊட்ல சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். "அதை என்னைக் கேக்கறீங்களா?" என்றேன்.

மறுநாள் காலை துணி ஆறியிருந்தது. தொட்டால் தெரியும், பிடித்தால் கைக்குள் வந்து படுக்கும். சென்னைப் பெண்ணும் ஒப்புக்கொண்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். செல்வராசு மெஷினைத் தொடவில்லை. நேரே சின்னவரிடம் போய் நின்றார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"தம்பி, ஒரு விசயமுங்க. எனக்குக் கொஞ்ச நாளாக் கை நடுங்குதுங்க. ஒளிச்சு ஒளிச்சு வேலை செஞ்சேன். இனி முடியாதுங்க. என்ன பண்றீங்களோ பண்ணிக்குங்க."

சின்னவர் செல்லைப் பார்த்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்கிற பிள்ளை இல்லை அவர். "அப்ப கத்தியை வேற ஆளு ஓட்டட்டுமுங்க. கோடு நீங்க போடுங்க. டேபிள் உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு, வேகமாகப் போய்விட்டார். அவ்வளவுதான். செல்வராசு அங்கேயே நின்று, சாக்பீஸை எடுத்துத் துணியில் முதல் கோட்டைப் போட்டார். கோடு கொஞ்சம் வளைந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பவும் வேண்டாம். ரொம்ப நாள் இன்னொருவர் வெட்ட, பக்கத்தில் நின்றார். அது அவருக்கு லேசாக இல்லை. டீயைக் குறைத்தார், சோற்று நேரத்துக்குச் சோறு தின்றார், அடுத்த ஸ்டாப் வரை நடந்தார். நடுவில் மறுபடி தூக்கம் கெட்டபோது டாக்டரிடமும் போனார். அவர் கொடுத்த மருந்தையும் சாப்பிட்டார். மூச்சும் நடையும் போதாத நேரம் வரும். அப்போது வைத்தியம் தேடிப் போக வெட்கப்படாதீர்கள். பிறகு எப்போது கத்தியை மறுபடி கையில் எடுத்தார் என்று எனக்கே நினைவில்லை. யாரும் பார்க்காத ஒரு நாள் எடுத்திருக்கிறார்.

நாற்காலியில் மாட்டிய அட்டையை யாரும் கழற்றவில்லை. கழற்றச் சொல்லி உத்தரவும் வரவில்லை. முடியாதவர்கள் போய்க் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் வேலை கேட்கக் கூடாது என்பது யாரும் எழுதாத சட்டமாகிவிட்டது. வடக்கிலிருந்து வந்த பையன்களுக்கும் தமிழில் முதலில் பழகிய வார்த்தைகளில் 'ஆறட்டும்' ஒன்று.

என் கடைசி வேலை நாள். சால்வை, போட்டோ, கேசரி எல்லாம் முடிந்தது. எல்லோரும் லைனுக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு வாசல் பக்கம் போகக் கால் வரவில்லை. இத்தனை வருசக் களைப்பும் ஒன்றாக வந்துவிட்டது. பின்வாசலுக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சின்னவர் போனும் கையுமாக என்னைத் தேடி வந்தார். "அக்கா எங்கீங்க? கடைசியா ஒரு சந்தேகம் கேக்கோணும்."

பின்வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்த கட்டிங் டேபிளில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. செல்வராசு கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேலே தொங்கிய வயர் ஆடவில்லை.

"அக்கா இன்னும் ஆறலீங்க தம்பி. அப்பறம் வாங்க" என்றார்.

சின்னவர் அட்டையைப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.